உழவு இயந்திரப் பெட்டியின் முன்சட்டம் ஒட்டிய இடத்துக்குப் பக்கத்திலேயே ஏன் வெடிக்கிறது?

கேள்வி சுருக்கமாக இது: முல்லைத்தீவு மாவட்டத்தில் ஒட்டுசுட்டான் பக்கம் ஒரு சின்ன வெல்டிங் கடை. மணல், கிரவல், நெல்லு ஏற்றுகிற உழவு இயந்திரப் பெட்டிகள் திருத்த வேலைக்கு வருகின்றன. மெசினில் கொழுவுகிற முன்சட்டம் வெடித்திருக்கும். 6013 வெல்டிங் குச்சியால் கனமாக ஒட்டி, மேலே ஒரு பிளேற்றும் வைத்துக் கொடுத்தாலும் சில கிழமைகளில் அதே இடத்தில், ஒட்டின் ஓரத்தோடு திரும்ப வெடிக்கிறது. குச்சியை மாற்றுவதா, அம்பியரைக் கூட்டுவதா? அதோடு, டீசல் தாங்கிக்குள் உழவு இயந்திரத்தின் புகையை விட்டு நிரப்பிவிட்டு ஒட்டலாமா? குச்சிக்குப் பதிலாகக் கம்பியும் மறைப்பு வாயுவும் தானாக வருகிற மிக் மெசின் வாங்கினால் இந்தக் கரைச்சல் தீருமா?

குச்சியும் அம்பியரும் பிறகு. முதலில் வெடிப்பு எங்கே ஓடுகிறது என்று பாருங்கள். ஒட்டின் நடு முதுகில் நீளப்பாட்டுக்கு ஓடினால், ஒட்டு இறுகும்போதே கிழிந்திருக்கிறது: ஒட்டு மெல்லியது, அல்லது முடித்த இடத்துக் குழியை நிரப்பாமல் குச்சியை எடுத்திருக்கிறீர்கள். ஒட்டும் தாய் இரும்பும் சந்திக்கிற ஓரத்தில் ஓடினால் கதை வேறு. உடைந்த முகத்தையும் கழுவிப் பாருங்கள். வழுவழுப்பாக, வளைவு வளைவாகக் கோடுகளோடு, ஒரு பகுதி கறள் பிடித்துக் கிடந்தால் அது களைப்பு வெடிப்பு. பல நாளாகச் சிறுகச் சிறுக வளர்ந்து, மிச்ச இரும்பு பாரம் தாங்காமல் கடைசியில் ஒரேயடியாக விட்டிருக்கும். முகம் முழுக்க மினுமினுப்பாகக் கற்கண்டு மாதிரிச் சொரசொரப்பாக இருந்தால் அது திடீர் முறிவு. அங்கே ஈரம், காபன், விறைப்பு என்று தேட வேண்டும். நீங்கள் சொல்லுகிற விதத்தைப் பார்த்தால் உங்களுடையது பெரும்பாலும் முதல் வகை. அதாவது உங்கள் ஒட்டு போகவில்லை. ஒட்டுக்குப் பக்கத்து இரும்புதான் போகிறது.

ஒரு கியூப் என்பது 100 கன அடி. காய்ந்த மணலென்றாலே அது நாலரைத் தொன்னுக்குக் கிட்ட வரும், ஈர மணல் இன்னும் கூட. உள் வீதியில் ஒவ்வொரு பள்ளத்திலும் முன்சட்டம் மேலும் கீழும் வளைகிறது. அந்த வளைவு எல்லாவற்றையும் விடக் கூடுதலாக விழுவது சட்டம் பெட்டியின் அடிச்சட்டத்தோடு சேரும் இடத்தில், ‘ப’ வடிவச் சனல் இரும்பின் மேல் இதழிலும் கீழ் இதழிலும். அந்த இதழுக்குக் குறுக்கே நீங்கள் ஒட்டு இழுத்தால், இழுவிசை போகும் பாதையில் நேர்குறுக்காக ஒரு படி வைத்த மாதிரி ஆகிறது. ஓரத்தில் அரை மில்லிமீற்றர் அரிப்பு இருந்தாலே காணும், வெடிப்பு அங்கே தொடங்கும்.

களைப்பு வெடிப்பில் குச்சியின் பலம் பெரிதாக உதவாது என்பதைப் பலர் நம்ப மாட்டார்கள். ஒட்டின் இழுபலத்தைக் கூட்டினாலும் ஓரத்தின் வடிவம் அப்படியே இருந்தால் ஆயுள் அப்படியே இருக்கும். கனமாகக் கட்டி ஒட்டுவதால் நட்டம்தான்: ஒட்டு வயிறு புடைத்து, ஓரம் கூர்மையாகி, சூடு பட்ட பகுதி அகன்று, குளிரும்போது இழுக்கும் இழுவையும் கூடுகிறது. மேலே வைத்த சதுரப் பிளேற்று இன்னும் மோசம். பிளேற்று உள்ள இடம் விறைப்பு, முடிகிற இடத்தில் திடீரென்று மெலிவு. அதன் முனையைக் குறுக்கே ஒட்டியிருந்தால் அடுத்த வெடிப்பு அந்த வரியிலேயே வரும்.

ஆகவே திருத்துகிற முறை இப்படி இருக்க வேண்டும். பெட்டியை வெறுமையாக்கி, சட்டத்தில் பாரம் விழாதபடி கட்டை கொடுத்து நேராக்குங்கள். வளைந்தபடி ஒட்டினால் அந்த வளைவு உள்ளேயே பூட்டுப்பட்டுக் கிடக்கும். பழைய ஒட்டு முழுவதையும் கிரைண்டரால் எடுங்கள். வெடிப்புக்கு மேலே ஒட்டுவது வெடிப்பை மூடி வைப்பது மட்டும்தான். இரு பக்கமும் 50 மி.மீ. வரை பெயின்ற், கறள், கிறீஸ் எல்லாம் போய் இரும்பு வெள்ளையாகத் தெரிய வேண்டும். கிறீஸ் துடைக்கப் பிரேக் கிளீனர் அடிப்பவர்கள் கவனம்: குளோரின் சேர்ந்த கிளீனராக இருந்தால் வெல்டிங் வெளிச்சமும் சூடும் பட்டு பொஸ்ஜீன் வாயு உண்டாகும், அது நுரையீரலைக் கெடுக்கிற நஞ்சு. சவர்க்காரத் தண்ணீரால் கழுவிக் காயவிடுவது மேல்.

வெடிப்பின் நுனி கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் முடிவதில்லை. சாயச் சோதனைக் குப்பி மூன்று, கிளீனர், சிவப்புச் சாயம், வெள்ளைத் தூள் ஸ்பிறே என்று கொழும்பில் சேர்த்தே விற்கிறார்கள். சாயத்தை அடித்து 10 தொடக்கம் 20 நிமிடம் விடுங்கள். பிறகு கிளீனரைத் துணியில் நனைத்துத் துடையுங்கள். நேரே இரும்பில் அடித்தால் வெடிப்புக்குள் போன சாயமும் கழுவுப்பட்டுவிடும். வெள்ளையை மெல்லிதாக அடித்ததும் சிவப்புக் கோடு எழும்பி வரும். அது முடிகிற இடத்தைச் சற்றுத் தாண்டி 6 மி.மீ. துளை போடுங்கள். கூர்நுனி வட்டமானால் வெடிப்பு மேலே ஓடாது.

பிறகு வெடிப்பின் நீளம் முழுக்க 60 பாகை அளவில் வீ வாய் வெட்டுங்கள். தடிப்பு முழுவதும் ஊடுருவ வேண்டும், அடியில் 2 தொடக்கம் 3 மி.மீ. இடைவெளி விடுங்கள். முதல் வரி 2.5 மி.மீ. குச்சியால், மிச்ச வரிகள் 3.2 ஆல். ஒவ்வொரு வரிக்கும் பிறகு கசடைத் தட்டி, கம்பித் தூரிகையால் இரும்பு பளிச்சிடும் வரை தேயுங்கள். பின்பக்கம் எட்டுமானால் அடி வரியைக் கிரைண்டரால் தோண்டி அங்கேயும் ஒரு வரி போடுங்கள். தொடக்கமும் முடிவும் இதழின் மூலையில் வரக் கூடாது. முடிக்கும்போது அரைச் செக்கன் நின்று, சற்றுப் பின்வாங்கிக் குழியை நிரப்பிவிட்டு எடுங்கள். இதழில் உள்ள ஒட்டைக் கடைசியில் இரும்போடு மட்டமாகத் தேய்த்துவிடுங்கள். தேய்க்கும் கோடுகள் சட்டத்தின் நீளப்பாட்டுக்கு இருக்க வேண்டும், குறுக்கே கோடு விழுந்தால் அதுவும் ஒரு கீறல்தான். அரை மணித்தியால வேலை. ஆயுளைக் கூட்டுவதில் குச்சி மாற்றுவதை விட இது பெரிது.

பிளேற்று வைக்கத்தான் வேண்டுமென்றால் இதழில் வைக்காதீர்கள். சனலின் நிமிர்ந்த முதுகில் வையுங்கள். தடிப்பு சனலின் தடிப்பைத் தாண்ட வேண்டாம். இரண்டு முனையையும் சாய்த்து வெட்டி வைர வடிவத்துக்குக் கொண்டு வாருங்கள், நுனிகளை உருட்டிவிடுங்கள். நீளப் பக்கங்களை மட்டும் ஒட்டி, நுனியைச் சுற்றி ஒட்டாமல் விடுங்கள். 6 மி.மீ. பிளேற்றுக்கு 5 மி.மீ. கால் அளவுள்ள மூலை ஒட்டு தாராளமாகக் காணும். ஒட்டின் பலத்தைத் தீர்மானிப்பது அதன் குறுக்குத் தொண்டை, அது காலின் 0.7 பங்கு. காலை இரட்டிப்பாக்கினால் பலம் இரட்டிப்பாகும், ஆனால் போகிற குச்சியும் சூடும் நாலு மடங்கு.

இனிக் குச்சி. முதல் இரண்டு இலக்கமும் இழுபலம், சதுர அங்குலத்துக்கு ஆயிரம் இறாத்தல் கணக்கில்: 6013 என்றால் 60,000, 7018 என்றால் 70,000. மூன்றாவது 1 எந்த நிலையிலும் ஒட்டலாம் என்பது. கடைசி இலக்கம் பூச்சின் வகை. 6013 கேற், கிறில், கூரைச் சட்டம், பொக்ஸ் பார் வேலைக்கெல்லாம் நல்ல குச்சி. இலேசாகப் பற்றும், கசடு தானாக உரியும். ஆனால் அதன் பூச்சில் ஈரம் இருக்கும்படியே செய்யப்படுகிறது, அந்த ஈரத்தின் ஐதரசன் ஒட்டுக்குள் போகும். மெல்லிய இரும்பில் அது வெளியேறிவிடும். தடித்த, விறைத்த, காபன் கூடிய இரும்பில் உள்ளே தங்கி, ஒட்டு ஆறிய பிறகு, சிலவேளை 48 மணித்தியாலம் கழித்தும் வெடிக்க வைக்கும். அன்றைக்கு நல்லாய்த்தான் இருந்தது, அடுத்த நாள் பார்த்தால் மயிர்க்கோடு என்று ஆக்கள் சொல்வது இதைத்தான். முன்சட்டம், அச்சு தாங்கி, கொழுவி வளையம் போன்றவற்றுக்கு 7018 பாவியுங்கள்.

ஆனால் ஒரு நிபந்தனை. ஈரம் குடித்த 7018 ஐ விடக் காய்ந்த 6013 மேல். ஐப்பசி தொடக்கம் தை வரை மாரி ஈரத்தில் பிரித்த பக்கற்றை றாக்கையில் போட்டு வைத்திருந்தால் அந்தக் குச்சி 7018 என்று பேருக்குத்தான். திரும்பக் காய்ச்ச 300 தொடக்கம் 350 பாகை செல்சியசில் ஒரு மணித்தியாலத்துக்குக் குறையாமல் வேண்டும், எத்தனை தரம் என்பதைப் பக்கற்றில் போட்டிருக்கும். வெயிலில் வைப்பது, கேத்தில் மேலே வைப்பது எல்லாம் மேல் ஈரத்தைத்தான் எடுக்கும். வீட்டு ஓவன் பெரும்பாலும் 250 இல் நின்றுவிடும், அதுவும் காணாது. காய்ச்சிய பிறகு 120 பாகைக்கு மேல் சூடாக வைத்திருந்து தேவைக்கு எடுங்கள். வெளியே எடுத்ததை நாலு மணித்தியாலத்துக்குள் முடிக்க வேண்டும். சின்னக் கடைக்கு நான் சொல்வது: காற்றுப் புகாத சின்னப் பக்கற்றாக வாங்கி, அன்றைக்குத் திறந்ததை அன்றைக்கே முடியுங்கள். மிச்சத்தைக் கேற் வேலைக்குத் தள்ளுங்கள். 6013 ஐ இந்தச் சூட்டில் போட்டுவிடாதீர்கள், பூச்சுக் கெட்டுவிடும். நனைந்திருந்தால் 100 தொடக்கம் 120 பாகையில் ஒரு மணித்தியாலம் போதும்.

7018 ஐ டீசீ மெசினில், ஹோல்டர் பிளஸ்ஸில் வைத்துப் பாவியுங்கள். பழைய ஏசீ திரான்ஸ்போமரில் பிடிக்கவில்லை, ஒட்டிக்கொள்கிறது என்று குச்சியைக் குறை சொல்வார்கள். அந்தக் குச்சி ஏசீயில் எரிய ஏறக்குறைய 70 வோல்ற்றுத் திறந்த சுற்று அழுத்தம், அதாவது குச்சி பற்ற முன் மெசின் தரும் வோல்ற்று, வேண்டும், சின்ன மெசின்கள் அதைத் தருவதில்லை.

அம்பியருக்கு: 2.5 மி.மீ. 6013 க்கு 60 தொடக்கம் 90, 3.2 க்கு 90 தொடக்கம் 130. 7018 க்கு 2.5 இல் 70 தொடக்கம் 100, 3.2 இல் 100 தொடக்கம் 140. நிமிர்ந்து ஏறும் ஒட்டுக்கு இந்த அளவுகளின் கீழ்ப்பாதியில் வையுங்கள். மெசினின் முள்ளை விட ஒட்டைப் பார்த்துத் தீர்மானியுங்கள். கயிறு மாதிரி உயர்ந்து ஓரத்தில் சேராமல் கிடந்தால் குறைவு. தட்டையாகப் பரந்து, ஓரம் அரித்து, குச்சியின் கடைசிப் பாதி சிவந்தால் அம்பியர் கூடுதல். குச்சி நுனிக்கும் இரும்புக்கும் உள்ள தூரம் குச்சியின் கம்பித் தடிப்பளவு. 7018 க்கு அதிலும் கிட்ட.

முள் 120 இல் நிற்கும்போதும் ஒட்டு குளிர்ந்து கிடந்தால் வயரைப் பாருங்கள். 120 அம்பியரில் குச்சி நுனியில் எரியும் வில்லின் அழுத்தம் 25 வோல்ற்று, வெளியே போவது 3 கிலோவாட். மெசினின் இழப்பையும் சேர்த்தால் 230 வோல்ற்றுப் பக்கத்தில் 20 அம்பியருக்கு மேல் இழுக்கும். 30 மீற்றர் நீள 1.5 சதுர மி.மீ. வயரில் அது 15 வோல்ற்றுக்கு மேல் விழுத்தும், வயரும் சூடாகும். சுருளாகச் சுற்றியபடி கிடந்தால் உருகும். அதே நீளம் 4 சதுர மி.மீ. என்றால் 6 வோல்ற்றுத்தான். லைனின் கடைக்கோடியில் உள்ள ஊரில் பின்னேரம் அழுத்தம் ஏற்கனவே விழுந்து கிடக்கும், அதில் இதையும் சேர்த்தால் எந்தக் கையும் நல்ல ஒட்டுப் போடாது. மெசினில் எழுதியிருக்கும் 60 வீதம் என்பது பத்து நிமிடத்தில் ஆறு நிமிடம் ஒட்டலாம் என்பது, அதுவும் 40 பாகை வரையான காற்றில். தகரக் கொட்டிலுக்குள் மத்தியானத்தில் அந்த எல்லை தாண்டும்.

சனல் இரும்பு மெல்லிரும்பு, பயமில்லை. கொழுவி வளையம், பின், அச்சு ஆகியவை அப்படியல்ல. கிரைண்டரில் தொட்டுப் பொறியைப் பாருங்கள்: நீளமாக, நேராக, ஒன்றிரண்டு கிளையோடு போனால் காபன் குறைவு, கட்டையாக, பூவாணம் வெடித்த மாதிரி கனக்கக் கிளைத்தால் காபன் கூடுதல். கூடின இரும்பை 150 தொடக்கம் 250 பாகை வரை முன்கூட்டியே சூடாக்கி, 7018 ஆல் ஒட்டி, உடனே உமிச் சாம்பலுக்குள் புதைத்து ஆறவிடுங்கள். மில்லில் சாம்பல் சும்மா கிடைக்கும், காய்ந்திருக்க வேண்டும். தண்ணீர் ஊற்றினால் அந்த இடம் கண்ணாடி போல் கடினமாகி வெடிக்கும். வில்லுத்தகடை ஒட்டவே வேண்டாம், மாற்றச் சொல்லுங்கள்.

வேலை சரிதானா என்று அறிய ஒரு மலிவான வழி இருக்கிறது. அதே தடிப்பில் இரண்டு துண்டை ‘ட’ வடிவத்தில் வைத்து ஒரு பக்கம் மட்டும் ஒட்டி, ஒட்டின பக்கத்துக்கே மடியும்படி சம்மட்டியால் அடித்து உடையுங்கள். அடி மூலை உருகாமல் வெட்டின விளிம்பு அப்படியே தெரிந்தால் அம்பியர் குறைவு அல்லது குச்சிக் கோணம் பிழை. கசடுக் கோடும் புழுத்துளையும் அங்கேயே தெரியும். பெரிய ஆலைகளில் ஒட்டு முறைத் தாள், வெல்டருக்குத் தகுதிச் சோதனை, எக்ஸ்ரே, மீயொலி என்று செய்வதெல்லாம் இதே கேள்வியைத்தான் கேட்கின்றன. உங்களுக்கு ஒரு கொப்பி காணும்: எந்தக் குச்சி, எத்தனை அம்பியர், எத்தனை வரி, முன்சூடு உண்டா. திரும்பி வருகிற பெட்டியை அந்தக் கொப்பியோடு ஒப்பிடுங்கள். திருத்திய சட்டத்தை 48 மணித்தியாலம் கழித்து இன்னொரு தரம் சாயம் அடித்துப் பார்த்துக் கொடுக்க முடிந்தால் நல்லது.

இனி உயிர் போகிற விசயங்கள். பெட்டி வேலையில் எனக்கு டீசல் தாங்கியை விடப் பயம் ரயர்தான், ஏனென்றால் அதை யாரும் ஆபத்தென்று நினைப்பதில்லை. ரயர் பூட்டியிருக்கும் றிம்மை ஒட்டாதீர்கள், சூடாக்காதீர்கள். காற்றை இறக்கிவிட்டேன் என்பது பதிலல்ல. சூட்டில் உள்ளே றப்பர் சிதைந்து எரிவாயு உண்டாகி, இருக்கிற காற்றோடு சேர்ந்து வெடிக்கும். நெருப்பே தெரியாது. கொஞ்ச நேரம் கழித்தும் வெடிக்கலாம். ரயரை முழுதாகக் கழற்றி வைத்துவிட்டுத்தான் வேலை.

பூட்டின வெறும் குழாயும் அப்படித்தான். இரண்டு முனையும் அடைத்த பொக்ஸ் பாரில் உள்ளே தண்ணீர் நின்றால் நீராவி கிளம்பி ஒட்டைப் பிய்த்துக்கொண்டு வரும். முதலில் 3 மி.மீ. துளை ஒன்று போடுங்கள்.

டீசல் தாங்கிக்கு நேரான பதில்: மெசின் புகை காப்பாற்றாது. சும்மா ஓடுகிற டீசல் இயந்திரத்தின் புகையில் 15 வீதத்துக்கு மேலும் ஒட்சிசன் இருக்கும், ஆவி எரிய ஏறக்குறைய 12 வீதமே போதும். டீசல் இலேசில் பற்றாது என்பதும் பாதி உண்மை. அதன் தீப்பற்று நிலை 50 பாகைக்கு மேல் என்பதால் வெளியில் தீக்குச்சி தட்டினால் பற்றாது. தாங்கியின் மடிப்புக்குள் பிடித்திருக்கும் படிவுக்கு வெல்டிங் சூடு பட்டால் அந்த 50 பாகை ஒரு நொடி வேலை. பெற்றோல் இருந்த பரலென்றால் காற்றில் 1.4 வீத ஆவியே வெடிக்கக் காணும். சின்னக் கடையில் இதை வேண்டாமென்று சொல்லுங்கள், புதுத் தாங்கி வைக்கச் சொல்லுங்கள். செய்யத்தான் வேண்டுமென்று நிற்கிற ஒருவர் குறைந்தது இத்தனையும் செய்ய வேண்டும்: வடித்து, மூடி, வால்வு எல்லாம் கழற்றி, சவர்க்காரம் போட்ட கொதிநீரால் அல்லது நீராவியால் பலமுறை கழுவி, ஒட்டுகிற இடம் மட்டும் மேலே வரும்படி தாங்கியைத் திருப்பி, அதற்குச் சற்றுக் கீழ் வரை தண்ணீர் நிரப்பி, வாய்களைத் திறந்தபடி விட்டு ஒட்டுதல். அப்போதும் முகத்தை வாய்க்கு நேரே வைக்கக் கூடாது. தண்ணீர் பவுசருக்குள் இறங்கி ஒட்டுவது தனி ஆபத்து. உள்ளே புகை தங்கும், வேர்த்த உடம்பு நாலு பக்கமும் இரும்பில் முட்டும். காற்று ஊதும் விசிறி, வெளியே கைகாவலுக்கு ஒருவர், டீசீ மெசின், காய்ந்த பலகை இல்லாமல் இறங்க வேண்டாம். ஒட்சிசனைக் காற்றுக்குப் பதிலாக உள்ளே திறந்துவிடவே கூடாது, உடுப்பே பந்தமாகிவிடும்.

எங்கள் பகுதிக்கே உரிய இன்னொன்று: பழைய இரும்பு. காணி துப்புரவாக்கும்போது கிளம்பியது, இரும்புக்காரரிடம் நிறைக்கு வாங்கியது என்று கடைக்கு வரும் குழாய், உருளை, தடித்த சுவருள்ள துண்டு எதுவாக இருந்தாலும், அது என்னவென்று உறுதியாகத் தெரியாவிட்டால் வெட்டவோ சூடாக்கவோ தட்டவோ வேண்டாம். பல வருசம் மண்ணுக்குள் கிடந்த எறிகணைத் துண்டு கறள் பிடித்துச் சாதாரண குழாய் மாதிரியே இருக்கும். நிலத்தில் இருந்தால் தொடாமல் ஆக்களைத் தள்ளி நிற்க வைத்துப் பொலிசுக்கு அறிவியுங்கள்.

மின்சாரம்: வெல்டிங் மெசினின் திறந்த சுற்று ஏசீயில் 80, டீசீயில் 113 வோல்ற்று வரை இருக்கலாம். நனைந்த கையுறையோடு அது ஆளைக் கொல்லும். 30 மில்லியம்பியர் ட்ரிப் சுவிச் பூட்டியிருக்கிறேன் என்று ஆறுதல் வேண்டாம், அது மெயின் பக்கத்தைத்தான் காக்கும். திரான்ஸ்போமருக்கு அந்தப்பக்கம் ஹோல்டரில் அடித்தால் அதற்குத் தெரியாது. மாரியில் வெறும் சிமெந்தில் நின்று குச்சி மாற்றாதீர்கள். ஏர்த் கிளிப்பை ஒட்டுகிற துண்டிலேயே, இரும்பு தெரியத் தேய்த்த இடத்தில், ஒட்டுக்குக் கிட்டப் போடுங்கள். பெட்டியின் ஒரு சில்லுப் பக்கம் கிளிப்பும் மறுபக்கம் ஒட்டுமாக இருந்தால் கரண்ட் பெயரிங் ஊடாக ஓடி உருளைகளில் குழி விழுத்தும். பெட்டியை உழவு இயந்திரத்தோடு பூட்டியபடி ஒட்டுவதானால் முதலில் பற்றறியின் இரண்டு வயரையும் அல்டேர்னேற்றர் வயரையும் கழற்றுங்கள்.

கண்ணுக்கு 160 அம்பியர் வரை 10 ஆம் இலக்கக் கண்ணாடி, அதற்கு மேல் 12. குளிர்க் கண்ணாடியால் பலனில்லை. வெளிச்சம் பட்டு ஆறு, ஏழு மணித்தியாலம் கழித்து, படுத்த பிறகுதான் மண் கொட்டின மாதிரி உறுத்தும். ஓரிரு நாளில் ஆறும். தாய்ப்பாலும் உருளைக்கிழங்கும் வேண்டாம், குளிர்ந்த ஈரத்துணி போதும், குறையாவிட்டால் ஆஸ்பத்திரி. பெரும்பாலும் மாட்டுப்படுவது பிடித்துக்கொண்டு நிற்கிற பெடியன்தான், அவனுக்கும் முகமூடி கொடுங்கள். நாகம் பூசின ஜீ.ஐ. குழாயை ஒட்ட முன் இரு பக்கமும் 5 செ.மீ. வரை பூச்சைத் தேய்த்து எடுங்கள். நாகம் 907 பாகையில் கொதித்து வெண்புகையாகும், அன்றிரவே காய்ச்சலும் நடுக்கமும் வரும். பால் குடித்தால் வராது என்பது வெறும் பேச்சு. சாதாரண வெல்டிங் புகையையும் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2017 இல் புற்றுநோய் தரும் முதலாம் பிரிவில் சேர்த்தது. காற்று முதுகுப் பக்கத்தால் அல்ல, பக்கவாட்டால் வரும்படி நில்லுங்கள். முதுகால் வந்தால் முகத்துக்கு முன்னால் புகை சுழன்று நிற்கும்.

வேலைக்கு ஆள் வைத்திருக்கிறீர்கள் என்றால், 1934 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டப்படி விபத்து உங்கள் பொறுப்பு, கடை சின்னதென்பது விலக்கல்ல.

மிக் மெசின்: உங்கள் வேலைக்கு இப்போதைக்கு வேண்டாம் என்பது என் கருத்து. காபனீரொட்சைட்டு நிமிடத்துக்கு 12 தொடக்கம் 15 லீற்றர் போக வேண்டும், மணிக்கு ஏழெட்டுக் கிலோமீற்றர்க் காற்று அடித்தாலே அந்த மறைப்புக் கலைந்து ஒட்டு புழுத்துப் போகும். திறந்த முற்றத்தில் சோளகம் எழும்பினால் அதுதான் நடக்கும். 0.8 கம்பியில், ஒற்றைக் கட்டச் சின்ன மிக் 8 மி.மீ. சனலில் மேலே அழகாகக் கிடக்கும், அடியில் உருகியிருக்காது. உங்கள் பிரச்சினை இன்னும் மறைவாகும். வாயு இல்லாத கம்பி என்று விற்கும் 71ரீ-ஜீஎஸ் மெல்லிய தகட்டுக்கு ஒரே வரிக்கு மட்டும், வரிமேல் வரி போட உரியதல்ல. அடைத்த கொட்டிலுக்குள் பொக்ஸ் பார், தகட்டு வேலை கனக்க வந்தால் அப்போது வாங்குங்கள். அந்தக் காசுக்கு இப்போது 200 அம்பியர் டீசீ இன்வேட்டர் ஒன்று, 25 சதுர மி.மீ. வெல்டிங் கேபிள், 4 சதுர மி.மீ. மெயின் வயர், நல்ல முகமூடி இரண்டு எடுக்கலாம். மிஞ்சினால் என்.வி.கியூ. என்கிற தேசிய தொழில் தகைமைச் சான்றிதழுக்குப் போடுங்கள். கைப்பழக்கம் உள்ளவர்களுக்கு முழுப் பயிற்சி இல்லாமல் முன்கற்றலை மதிப்பிட்டுத் தரும் வழி இருக்கிறது, தொழிற்பயிற்சி அதிகார சபையின் மாவட்ட அலுவலகத்தில் வெல்டர் தரத்துக்கென்று கேளுங்கள்.